பேட்டரியிலிருந்து பழ வாடை வந்தால்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடையே கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை அதில் துளியளவு கலந்துதான் சிலிண்டரில் அடைக்கிறார்கள். நமக்குத் தெரிந்த 'கேஸ் வாடை' அதுதான். அந்த வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, வாடை மூக்கில் பட்டதும் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே தடவிப்போய் ஜன்னலைத் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். விறகடுப்பிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் சமைத்து வளர்ந்தவர் அவர். கேஸ் அடுப்பு வீட்டுக்கு வந்த சில ஆண்டுகளில் அந்த வாடையைப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

இன்று அதே வீடுகளில் ரீசார்ஜ் செய்யும் பேட்டரிகள் குவிந்து கிடக்கின்றன. ஆளுக்கொரு கைபேசி, மடிக்கணினி, பவர் பேங்க், இயர்பட்ஸ் (காதுக்கு ஒன்றாக இரண்டு, டப்பாவில் ஒன்று என்று அதில் மட்டும் மூன்று பேட்டரி), கொசு அடிக்கும் பேட், எமர்ஜென்சி விளக்கு, பிள்ளைகளின் ரிமோட் கார், வாசலில் மின்சார ஸ்கூட்டர், மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர். இவற்றில் யாரும் எச்சரிக்கை வாடையைக் கலந்து வைக்கவில்லை. ஆனாலும் பழுதாகும்போது பல பேட்டரிகள் தாமாகவே ஒரு வாடையை விடுகின்றன. அதைப் படிக்கத்தான் நாம் இன்னும் பழகவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் அதிகம் பயப்பட வேண்டிய பேட்டரி, முகம் சுளிக்கும்படி நாறுவதில்லை. அதன் வாடை இனிக்கிறது.

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. துணி எடுக்க பீரோவைத் திறந்தபோது, அந்துருண்டை வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. நன்கு கனிந்த அன்னாசிப் பழத்தின் மேல் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தெளித்தாற்போல இருந்தது. மகளின் நகப்பூச்சு பாட்டில் எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று என் மனைவி சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் நகப்பூச்சைத் தேடினோம். மூன்றாம் நாள் கீழ்த்தட்டில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் கையை விட்டபோது டேப்லெட் அகப்பட்டது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கி, பிறகு யாரும் தொடாமல் விட்டது. அதன் திரை சட்டத்திலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடைவெளியிலிருந்துதான் வாடை வந்தது.

பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதை மேஜைமேல் வைக்கவே விடவில்லை. கையில் வாங்கியதும் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார்.

"இதைச் சார்ஜில் போட்டீர்களா அண்ணே?"

"இல்லை தம்பி. இப்போதுதான் பார்த்தோம்."

"போடாமல் விட்டதே பெரிய காரியம். பேட்டரி செல் உப்பி, ஓரம் பிரிந்துவிட்டது. வாடை வெளியே வந்துவிட்டால் பிறகு அதை நம்பக் கூடாது."

படியில் உட்கார்ந்தபடியே பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரத்தில் நுழைத்து, வெண்ணெய் வெட்டுவதுபோல மெதுவாகத் திரையைப் பிரித்தார். உள்ளே வெள்ளி நிற உறை தலையணைபோல உப்பியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஈரம் மினுமினுத்தது. அதைத் தொடாமல், கடையின் பின்புறம் இருந்த பழைய பெயின்ட் வாளியில், மணலுக்குள் புதைத்து வைத்தார்.

'வாடை வெளியே வந்துவிட்டால் நம்பக் கூடாது' என்று அவர் அனுபவத்தில் சொன்னதற்குப் பின்னால் உறுதியான வேதியியல் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள லித்தியம் அயன் பேட்டரிக்கு வாடையே இருக்காது. அது முழுக்க மூடப்பட்ட பொருள். காற்றின் ஈரம் துளிகூட உள்ளே போகக் கூடாது என்பதற்காக, மிக வறண்ட அறைகளில் வைத்து அதைத் தயாரிக்கிறார்கள். ஆகவே பேட்டரியின் உள்ளிருக்கும் பொருள் நம் மூக்கை எட்டினால் அதற்கு ஒரே பொருள்தான்: உறை எங்கோ திறந்துவிட்டது. லேசான வாடை என்பதால் லேசான பழுது என்று எண்ணிவிட முடியாது.

உள்ளே இருப்பது என்ன? லித்தியம் அயனிகள் இரண்டு முனைகளுக்கும் இடையே போய்வர ஒரு திரவம் வேண்டும். அதைத்தான் மின்பகுளி என்கிறோம். கார் பேட்டரியில் அது அமிலம் கலந்த தண்ணீர். லித்தியம் பேட்டரியில் தண்ணீரைப் பயன்படுத்த வழியில்லை. கோட்பாட்டின்படி தண்ணீர் 1.23 வோல்ட்டுக்கு மேல் போனாலே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியலாம். கைபேசியின் செல்லோ 3.7 வோல்ட்டை ஒட்டி வேலை செய்து, முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டையும் அதற்குச் சற்று மேலும் தொடுகிறது. அந்த மின்னழுத்தத்தைத் தாங்கக்கூடியவை கரிமக் கரைப்பான்கள்தான். டைமெத்தில் கார்பனேட், டைஎத்தில் கார்பனேட், எத்தில் மெத்தில் கார்பனேட், எத்திலீன் கார்பனேட் ஆகியவற்றைப் பல விகிதங்களில் கலந்து பயன்படுத்துகிறார்கள். சோனி நிறுவனம் 1991-இல் முதல் லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலம் முதல் இந்தக் குடும்பத்துக் கரைப்பான்களே புழக்கத்தில் இருக்கின்றன.

இவை எல்லாம் வேதியியலில் எஸ்டர் என்ற வகையைச் சேர்ந்தவை. வாழைப்பழத்தின் மணத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட்டும் ஓர் எஸ்டர்தான். அன்னாசியின் மணத்திலும் எஸ்டர்களே முக்கியமானவை. நகப்பூச்சு அழிக்கும் திரவங்கள் பலவற்றில் இருக்கும் எத்தில் அசிடேட்டும் இதே வகை. ஆக, பீரோவுக்குள் எங்கள் மூக்கு தவறு செய்யவில்லை. பழம், நகப்பூச்சு என்று அது சரியான குடும்பத்தைத்தான் காட்டியது. அதைப் பேட்டரியோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தின்னர் வாடை, பழ மிட்டாய் வாடை, ஸ்பிரிட் வாடை என்று ஆளுக்கு ஆள் வேறு சொல்லில் சொன்னாலும் எல்லோரும் குறிப்பிடுவது இந்தக் கரைப்பான் ஆவியைத்தான்.

இந்த ஆவி எளிதில் தீப்பற்றும். டைமெத்தில் கார்பனேட் சுமார் 18 டிகிரி செல்சியஸிலேயே, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை விடுகிறது. சென்னையின் மார்கழி விடியலே அதைவிடச் சூடானது.

கரைப்பானில் ஓர் உப்பும் கரைந்திருக்கிறது. பெரும்பாலான பேட்டரிகளில் அது லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட். உறை திறந்து, காற்றின் ஈரம் அதைத் தொட்டதும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற வாயு உருவாகிறது. கண்ணாடியையே அரிக்கும் அமிலத்தின் வாயு வடிவம் இது. இது வரும்போது இனிப்பு வாடைக்குள் ஒரு கூர்மை சேரும். மூக்கின் உட்புறம் எரியும், கண் கரிக்கும். மிளகாய் வறுக்கும்போது தொண்டையைப் பிடிக்கிறதே, அதைத் தமிழில் வாடை என்று சொல்வதில்லை, நெடி என்கிறோம். அந்த வேறுபாடு இங்கே உயிர் காக்கும். வாடையாக இருந்தது நெடியாக மாறினால் அந்த அறையில் ஒரு நொடியும் நிற்கக் கூடாது.

பேட்டரி உப்புவதும் வாடை விடுவதும் ஒன்றல்ல. செல்லுக்கு வயதாகும்போதும், சூட்டில் கிடக்கும்போதும், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும்போதும் மின்பகுளி சிறிது சிறிதாகச் சிதைந்து கார்பன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், எத்திலீன் போன்ற வாயுக்களை உண்டாக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றை மூக்கு உணராது. அவை உள்ளேயே அடைபட்டு உறையை ஊத வைக்கும். கைபேசியின் பின்மூடி தூக்கிக்கொள்வது, மடிக்கணினியில் டச்பேட் அழுந்த மறுப்பது எல்லாம் இந்தக் கட்டத்தின் அடையாளங்கள். உறை தாங்கும்வரை வாடை இருக்காது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் விளிம்பு எங்காவது விட்டுக்கொடுத்த பிறகுதான் வாடை. அதாவது, உப்பல் முதல் எச்சரிக்கை. வாடை இரண்டாவது. மூன்றாவதாக ஒன்று வருமா என்பது அப்போது அந்தச் செல் குளிர்ந்து கிடக்கிறதா, சூடேறிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

எங்கள் டேப்லெட் குளிர்ந்து கிடந்தது, சார்ஜும் வற்றியிருந்தது. அதனால் கசிவோடு நின்றது. சூடேறும் செல்லின் கதை வேறு. ஏறத்தாழ 90 டிகிரியில் எதிர்முனையின் மேல் படிந்திருக்கும் காப்புப் படலம் சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவே வெப்பத்தை வெளிவிடும். 130 டிகிரியை ஒட்டி, இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகும். தலைமுடியைவிட மெல்லிய தாள் அது. அது போனால் முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். 200 டிகிரியை நெருங்கும்போது கோபால்ட் கலந்த நேர்முனை தன் ஆக்சிஜனை விடத் தொடங்கும். எரிபொருளும் ஆக்சிஜனும் வெப்பமும் ஒரே உறைக்குள். பிறகு வெளியிலிருந்து எதையும் போட்டு மூடி அணைப்பது மிகக் கடினம். இந்தப் படிகளின் நடுவே எங்கோ, பல நேரங்களில் தீ தெரிவதற்கு முன்னால், உறை பிளந்து கரைப்பான் ஆவி வெளியேறுகிறது. சில சமயம் நமக்கு நிமிடக்கணக்கில் நேரம் கிடைக்கும். சில சமயம் நொடிகள்தான்.

அந்த நேரத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரு சம்பவம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த விமானத்தில் நடந்தது. 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட இண்டிகோ விமானத்தில், புகை வாடை வருகிறது என்று பயணிகள்தாம் முதலில் பணியாளர்களிடம் சொன்னார்கள். பணியாளர்கள் தேடிப் பார்த்தபோது 23சி இருக்கைக்கு மேலே பெட்டி வைக்கும் அடுக்கில், ஒரு பைக்குள் இருந்த சாம்சங் நோட் 2 கைபேசியிலிருந்து பொறியும் புகையும் வந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த பயணிகளை வேறு இருக்கைகளுக்கு மாற்றினார்கள். தீயணைப்பானை அடித்தார்கள். பிறகு கைபேசியை எடுத்துப்போய்க் கழிவறையில் தண்ணீர் நிரப்பிய கலம் ஒன்றுக்குள் போட்டார்கள். விமானம் வழக்கம்போலச் சென்னையில் இறங்கியது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் சாம்சங் நோட் 7 கைபேசிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தது. எல்லோருடைய கவனமும் அந்தப் புதிய மாடல் மேல் இருந்தது. விமானத்தில் புகைந்ததோ 2012-இல் வெளிவந்த பழைய மாடல்.

தண்ணீரில் போட்டார்கள் என்றதும் சிலருக்குத் திகைப்பாக இருக்கும். லித்தியம் தண்ணீரோடு சேர்ந்தால் எரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது உலோக லித்தியம். கைபேசி பேட்டரியில் லித்தியம் உலோகமாக இல்லாமல் அயனியாக இருக்கிறது. அங்கே தண்ணீரின் வேலை குளிர்விப்பது. ஒரு செல்லின் சூடு பக்கத்துச் செல்லுக்குப் போகாமல் தடுக்க அதைவிட எளிய பொருள் இல்லை. பனிக்கட்டியை மேலே கொட்டுவதுதான் தவறு. அது போர்வைபோல மூடி, உள்ளே சூட்டைத் தங்க வைத்துவிடும்.

விமானப் போக்குவரத்தில் இதைவிடப் பெரிய பாடம் 2013 ஜனவரி 16 அன்று ஜப்பானில் கிடைத்தது. யமகுச்சி உபேயிலிருந்து டோக்கியோவுக்குக் கிளம்பிய ஆல் நிப்பான் ஏர்வேஸின் போயிங் 787 மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, விமானி அறையில் பேட்டரி எச்சரிக்கை தோன்றியது. கூடவே வழக்கத்துக்கு மாறான வாடையும் வந்தது. விமானிகள் தாமதிக்காமல் தகமட்சுவில் இறக்கினார்கள். எல்லோரும் அவசரச் சறுக்குகள் வழியே வெளியேறினார்கள். ஒன்பது நாளுக்கு முன்னால்தான் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த இன்னொரு 787-இன் பேட்டரி எரிந்திருந்தது. உலகம் முழுவதும் அந்த ரக விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. சில மாதங்கள் கழித்து அவை மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தபோது, பேட்டரியைச் சுற்றி எஃகுப் பெட்டி ஒன்று வந்திருந்தது. உள்ளே செல் வெடித்து ஆவி வந்தால் அது பயணிகள் பக்கம் வராமல், விமானத்துக்கு வெளியே போய்விட ஒரு குழாயும் வைத்தார்கள்.

ஆவி என்பது வெறும் அடையாளம் அல்ல, அதுவே வெடிபொருளாகவும் ஆகும் என்பதைக் காட்டியது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சர்ப்ரைஸ் என்ற ஊரில் 2019 ஏப்ரல் 19 அன்று நடந்த விபத்து. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரிக் கூடம் அது. உள்ளே செல்கள் சிதைந்து வாயு நிரம்பியிருந்தது. தீயணைப்பு வீரர்கள் சில மணி நேரம் காத்திருந்த பிறகே கதவைத் திறந்தார்கள். திறந்த சிறிது நேரத்தில் கூடம் வெடித்தது. வீரர்கள் தூக்கியெறியப்பட்டுப் படுகாயமடைந்தார்கள். இத்தகைய கூடங்களுக்கு இப்போது மின்பகுளி ஆவியையும் ஹைட்ரஜனையும் புகைக்கு முன்பே மோப்பம் பிடிக்கும் உணரிகள் வந்துவிட்டன. வீடுகளில் நம் மூக்குதான் உணரி.

இனி இன்வெர்ட்டருக்கு வருகிறேன். தமிழ்நாட்டு வீடுகளில் இது தனி அத்தியாயம். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்வெட்டு வாட்டியபோது, கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வைத்த வீடுகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஈய அமில பேட்டரி. 1859-இல் பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த அதே அடிப்படைதான் இன்றும். ஈயத் தகடுகள், கந்தக அமிலம், தண்ணீர். இது கெடும்போது வருவது பழ வாடை அல்ல, அழுகிய முட்டையின் நாற்றம்.

ஊரில் என் அம்மா வீட்டில் அந்த நாற்றம் வந்தபோது எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அலமாரிகளையெல்லாம் நகர்த்திப் பார்த்துவிட்டார்கள். இன்வெர்ட்டர் பார்க்க வந்தவர் உள்ளே நுழைந்ததுமே வாசலில் நின்று, மெயின் எங்கே என்று கேட்டார். அதை நிறுத்திவிட்டு, முன்கதவையும் பின்கதவையும் திறந்துவைத்து, கால் மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் பேட்டரி அருகே போனார். ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தார். ஐந்தில் மிதவை எழும்பி நின்றது. ஆறாவதில் அடியிலேயே கிடந்தது.

"அம்மா, ஒரு செல் செத்துவிட்டது. மற்ற ஐந்தும் அதன் பங்கையும் சேர்த்துக் குடித்திருக்கின்றன" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகவும் பார்க்கலாம். 12 வோல்ட் பேட்டரி என்பது தலா 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் உள்ள ஆறு செல்கள். சார்ஜர் 13.8 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் செல்லுக்கு 2.3 வோல்ட், அது சரியான அளவு. ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால் அதே 13.8 வோல்ட் ஐந்து செல்களுக்குள் பங்காகிறது. தலைக்கு 2.76 வோல்ட். சார்ஜருக்கு இது தெரியாது. பேட்டரி இன்னும் நிரம்பவில்லை என்று எண்ணி ஏற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழியிட்டு ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். நீர் வற்றிச் சூடு கூடும்போது கந்தக அமிலமும் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். முட்டை நாற்றம் அதுதான்.

இந்த வாயு விஷயத்தில் மூக்கை ஓரளவுக்கு மேல் நம்ப முடியாது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே நாற்றம் பலருக்குத் தெரிந்துவிடும். அதுவே 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக உள்ளே போகிறவர் விஷக்காற்றுக்குள் போகிறார். கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கும் தொழிலாளர்களைக் கொல்லும் வாயுக்களில் இதுவும் ஒன்று. இது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். மாடிப்படிக்கு அடியிலுள்ள மூலை அதற்கு மிகவும் வாகான இடம். கூடவே வரும் ஹைட்ரஜனுக்கோ வாடையே இல்லை. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு சுவிட்சின் பொறியில் வெடிக்கும். அந்த மனிதர் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான்.

வரலாற்றில் ஒரு சுவையான இணைப்பு: முட்டை நாற்றம் லித்தியம் பேட்டரிக்கும் ஒருகாலத்தில் இருந்தது. 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரான ஸ்டான்லி விட்டிங்ஹாம், 1970-களில் எக்ஸான் நிறுவனத்தில் உருவாக்கிய பேட்டரியின் நேர்முனை டைட்டானியம் டைசல்ஃபைடு. காற்றின் ஈரம் பட்டால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். பரிசைப் பகிர்ந்த ஜான் குடினஃப் பிறகு கண்டறிந்த கோபால்ட் ஆக்சைடு அந்த இடத்துக்கு வந்ததும் கந்தகம் வெளியேறியது, அதோடு நாற்றமும் போனது.

எல்லா விநோத வாடைக்கும் பேட்டரியே காரணம் என்று சொல்லவும் கூடாது. சார்ஜர் அருகிலோ பிளக் பாயின்ட்டிலோ கருவாட்டுக் கவிச்சி வந்தால், அங்கே பிளாஸ்டிக் பிசினும் மின்காப்புப் பொருளும் சூட்டில் சிதைகின்றன என்று பொருள். சுவிட்சை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். பழைய மின்னணுக் கருவிகளில் மின்தேக்கிகள் கசிந்தாலும் ஏறத்தாழ அதே மீன் வாடை வரும். உப்பு நீரில் நனைந்த கருவியில் நீச்சல்குளத்து வாடை வந்தால் அது குளோரின்: உள்ளே மின்சாரம் உப்பு நீரைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வாங்கிய கருவியின் ரப்பர், பசை வாடை சில நாளில் தானே போய்விடும். நாளாக ஆகக் கூடும் வாடையைத்தான் கவனிக்க வேண்டும்.

மூக்கின் மிகப்பெரிய குறை, அது தூக்கத்தில் நம்மை எழுப்பாது என்பது. சத்தம் எழுப்பும், வெளிச்சம் எழுப்பும். வாடையை நம்பிப் படுக்க முடியாது. நாமோ பேட்டரிகளை இரவில்தான் சார்ஜ் போடுகிறோம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய பள்ளி செல்லும் மகளும் இறந்துபோனார்கள். வாங்கிச் சில நாளே ஆன வண்டி. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என்னால் இந்த விஷயத்தைச் சாதாரணமாகப் பேச முடியவில்லை. கைபேசி பேட்டரியில் உள்ள ஆற்றல் சுமார் 15 வாட் மணி. ஸ்கூட்டரில் 3,000 வாட் மணி என்று வைத்தாலும், இருநூறு கைபேசிகளை ஒரே பெட்டியில் அடுக்கி, வெளியேறும் வழியில் நிறுத்தி வைத்ததற்குச் சமம். நேர்முனையில் கோபால்ட்டுக்குப் பதிலாக இரும்பு பாஸ்பேட் உள்ள லித்தியம் பேட்டரி பாதுகாப்பானது என்று சொல்லி விற்கிறார்கள். அது ஆக்சிஜனை எளிதில் விடாது, உண்மைதான். ஆனால் அதிலும் இதே கரைப்பான்தான் இருக்கிறது. பழுதானால் அதே எரியும் ஆவிதான் வரும். ஸ்கூட்டரைப் படுக்கையறைக்கும் வாசலுக்கும் நடுவே சார்ஜ் போடாதீர்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விழித்திருக்கும் நேரத்தில், காற்றோட்டமான இடத்தில் போடுங்கள்.

கையில் உள்ள கருவியில் இனிப்பு வாடை வந்தால் முதல் வேலை, சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்துவது. சூடு இல்லை, புகை இல்லை என்றால் மட்டும் கருவியைத் தட்டிலோ முறத்திலோ ஏந்தி, மொட்டை மாடியில் நிழலான இடத்திலோ வாசல் சிமென்ட் தரையிலோ, எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைக்க வேண்டும். சூடாக இருந்தாலோ 'உஸ்' என்று சத்தம் கேட்டாலோ அதைத் தூக்கப் போகக் கூடாது. ஆட்களை வெளியேற்றிக் கதவைச் சாத்தித் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் வேலையைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஊசி உறையோடு சேர்த்து, நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிக்கும் தாளையும் துளைத்துவிடலாம். வாடையை உறுதிசெய்ய மூக்கருகே கொண்டுபோய் முகர்வதும் வேண்டாம். கைக்கு எட்டும் தூரத்திலேயே தெரிந்தால் அதுவே போதும். கசிந்த திரவம் கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறகு அந்தப் பேட்டரியைக் குப்பைக் கூடையில் போடுவதும் ஆபத்துதான். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். அதை வெறுங்கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்குத் தீங்கு. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. ஆனால் தெருமுனையில் அதற்கான பெட்டி எத்தனை ஊர்களில் இருக்கிறது? எங்கள் பகுதியில் அந்தப் பழுது பார்க்கும் கடையின் மணல் வாளிதான் இருக்கிறது. வாளி நிரம்பும்போது மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அவர் ஒன்று சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் கிடந்த மற்ற இரண்டு பழைய கைபேசிகளையும் எடுத்து, மேஜையின் கண்ணாடிப் பரப்பில் மல்லாக்க வைத்து, விரலால் லேசாகச் சுண்டினேன். ஒன்று அசையாமல் படுத்திருந்தது. மற்றொன்று, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாதது, இன்னும் எந்த வாடையும் விடாதது, பம்பரம்போல இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அன்று மாலையே அதையும் மணல் வாளிக்குக் கொண்டுபோனேன்.